எதிர்க்கடைத் தண்ணீர்

காரைக்காலில் சிவநாதனைத் தெரியாத மனிதர்கள் இருக்கலாம். தெரியாத நாய்கள் கிடையாது. மின்துறையில் மீட்டர் பார்த்தே ஓய்வு பெற்றவர். எந்த வாசலில் எது கடிக்கும், எது குரைத்துக் கடமையை முடித்துக்கொள்ளும், எந்த வீட்டில் மோர் வரும், எந்த வீட்டில் மோருக்குப் பதில் "போன தடவைய விட எப்புடிங்க கூடுச்சு?" என்ற கேள்வி வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பணி நிறைவு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அவருக்கு நினைவுக்கு வந்ததென்னவோ தாகம்தான். அத்தனை வருஷமும் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது ஊரார் வீட்டுச் சொம்பு.

ஓய்வு பெற்று ஒரு மாதம் வீட்டில் இருந்தார். மனைவி பெரியநாயகிக்கு அது ஒரு யுகம்.

"ஃப்ரிட்ஜு என்ன மீட்டரா? மணிக்கொருக்கா தொறந்து பாத்துட்டு மூடுறீங்க. எங்கயாவது போயி யாருக்காவது ஒத்தாசையா இருங்களேன்" என்று அவள்தான் அவரை நபீசா டீச்சரின் குழுவுக்குத் தள்ளிவிட்டாள்.

குழுவின் பெயர் கைத்துணை. பெரிய நோயில் விழுந்த குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடாமல் அவசரத்துக்குத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. மருந்துக்கு அவர்கள் கொடுப்பதில்லை. மருந்து பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும். மருந்தைச் சுற்றியிருக்கிற வாழ்க்கைதான் எங்கேயும் கிடைக்காது. வீட்டு வாடகை, அரிசி, புதுச்சேரிக்கு பஸ், துணைக்குப் போகிறவருக்குச் சாப்பாடு, வேலைக்குப் போக முடியாமல் கழிகிற மாதங்கள். அதற்குத்தான் கைத்துணை. பணத்தில் பாதி பாரீசில் குடியேறிய காரைக்கால்காரர்கள் அனுப்புவது, பாதி வளைகுடாவிலிருந்து வருவது. வெயிலில் அலைவது மட்டும் உள்ளூர்ச் சரக்கு. அதாவது சிவநாதன்.

யாராவது உதவி கேட்டால் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கு நபீசா டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்தால் அந்த அறிக்கை செல்லாது. வேறொருவர் போய் எழுத வேண்டும்.

கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அது இரக்கத்தில் பிறந்த சட்டம். ஒரு தடவை அம்பகரத்தூரில், சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவரின் வீட்டுக்குக் குழுவிலிருந்து மூன்று பேர் போனார்கள். போனால் ஸ்டூலின் மேல் கலர் பாட்டில், மிக்சர், வாழைப்பழம், அல்வா. மூவரும் மரியாதைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போதுதான் அந்த வீட்டுச் சின்னப் பெண், "ஏம்மா, அப்பாவுக்கு நாளைக்கி வண்டிக்கின்னு வெச்சிருந்தது இதுக்கா போச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது. மறுநாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய வண்டிக்காசு மூன்று பேர் வயிற்றில் மிக்சராகக் கிடந்தது. நபீசா டீச்சரால் அன்று சாப்பிட முடியவில்லை. விடிந்ததும் சட்டம் போட்டுவிட்டார்.

சட்டத்தை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் டீச்சரின் உத்தரவு. சிவநாதனும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். "அப்ப ஒரு வாய் காப்பியில ஒங்கள வெலைக்கி வாங்கிருவோம்னு நெனக்கிறீங்களா?" என்று ஒரு நோயாளி கேட்டார். அந்த முகம் வெகுநாள் வரை சிவநாதனின் சோற்றுத் தட்டில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் சட்டத்தைச் சொல்வதை விட்டுவிட்டுப் பொய் சொல்லப் பழகிக்கொண்டார். சர்க்கரை, வயிற்றுப் புண், விரதம், இப்பதான் குடிச்சேன் என்று ஆளுக்கும் கிழமைக்கும் தகுந்தபடி ஒன்று. யாரையும் நோகடிக்காத பொய் புண்ணியத்தில் சேரும் என்பது அவருடைய நம்பிக்கை. திருநள்ளாற்றுச் சனீஸ்வரனுக்கு வியாழக்கிழமையில் விரதமிருக்கிற ஒரே பக்தர் தான்தான் என்று மனைவியிடம் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வார்.

வைகாசி வெயிலில் ஒரு நாள் ஓவியா என்ற கல்லூரிப் பெண் போன் செய்தாள். அம்மா பெயர் அஞ்சுகம். கோட்டுச்சேரியில் வாடகை வீடு. அதன் வாசலிலேயே இட்லிக்கடை. அப்பா விபத்தில் போய்ப் பல வருஷமாகிறது. அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். அறுவை முடிந்து, ஊசி மருந்துகளும் முடிந்து, கதிர்வீச்சு மட்டும் பாக்கி. வருகிற திங்கட்கிழமை புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஐந்து வாரம் அங்கேயே தங்க வேண்டும். வைத்தியம் இலவசம், தங்குவது இலவசம் இல்லை. கடை மூடிக் கிடக்கிறது. வாடகை நிற்கிறது. வீட்டுக்காரர் கையில் பூட்டை வைத்துக்கொண்டு அலைகிறார்.

"அம்மா போவ மாட்டேங்குது சார். ஊசி போட்டதே போதுங்குது. நான் அங்க போயி படுத்துட்டா சாமானத் தூக்கித் தெருவுல வெச்சிருவாங்க, நீ எங்கடி போவேங்குது. விட்டா திரும்பி வந்துரும்னு டாக்டரு சொல்லிருக்காங்க சார்."

வியாழக்கிழமை சிவநாதன் கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறினார். அந்தப் பச்சைக் கதவைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. மோர் வீடு. மீட்டர் பார்க்கிற காலத்தில் இந்த வாசலுக்கு வந்தால், "தாயி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று அவரே கேட்பார். தண்ணீர் கேட்டால் மோர் வரும்.

"அட, கரண்டு சாரா! நீங்கதான் வர்றீங்கன்னு இவ சொல்லவேயில்லயே. வாங்க, உள்ள வாங்க" என்றாள் அஞ்சுகம். குரல் மட்டும்தான் பழைய அஞ்சுகம். தலையைச் சுற்றி ஒரு துண்டு. அண்டா அண்டாவாக மாவு கரைத்த கைகள் விறகுச் சுள்ளியாய் இருந்தன. மூலையில் கடையின் பெரிய இட்லிக் கொப்பரை கவிழ்த்து வைத்திருந்தது.

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள்.

"குடிங்க சார். வெயில்ல வந்துருக்கீங்க."

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்."

"அப்ப மோரு?"

"வயித்துக்கு ஆவறதில்ல."

"ஒங்களுக்கா? ஒரு சொம்பு குடிச்சிட்டு இன்னொண்ணு கேப்பீங்களே சார்!"

"அது அப்ப. வயசாயிடுச்சுல்ல" என்று சிவநாதன் சிரித்தார்.

அஞ்சுகம் சிரிக்கவில்லை. சொம்பைக் கொல்லைக்குக் கொண்டுபோய், அங்கிருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். தண்ணீரைக்கூட வீணாக்காத பெண் என்று சிவநாதன் மனசுக்குள் பாராட்டிக்கொண்டார். அவருடைய புத்தி அவ்வளவுதான்.

கேட்டதற்கு அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஓவியா எடுத்துக் காட்டினாள். இந்த வீட்டுக்குக் கொடுக்காமல் வேறு எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்ற முடிவோடு சிவநாதன் வெளியே வந்தார். பஸ்ஸைக் காணோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் முத்தமிழின் டீக்கடை. கால்கள் இவரைக் கேட்காமலே போயின. பிளாஸ்டிக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். இன்னொரு டம்ளர். அப்புறம் ஒரு டீ. வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினால், எதிரே பச்சைக் கதவில் அஞ்சுகம் நின்றிருந்தாள். இவர் கையை ஆட்டினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவம், வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் உட்கார்ந்து, இருக்கிற நல்ல சொற்களையெல்லாம் போட்டு அறிக்கையை எழுதி முடித்த நேரத்தில் ஓவியாவின் போன் வந்தது.

"சார், ஒதவி எதுவும் வேணாம்னு அம்மா சொல்லச் சொன்னுச்சு."

"ஏம்மா? நான் எல்லாம் எழுதிட்டேனே. நாளைக்கே கெடைச்சிருமே."

அந்தப் பக்கம் ஓவியா போனோடு கொல்லைக்கு நகர்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"எதுத்த கடையில நீங்க தண்ணி குடிச்சத அம்மா பாத்துச்சு சார்."

சிவநாதனுக்கு முதலில் புரியவில்லை. ஓவியா சொல்லிக்கொண்டே போனாள்.

"ஆப்பரேசன் முடிஞ்சு வந்து கடையத் தொறந்தோம் சார். வழக்கமா வர்றவங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. அம்மா கூப்புட்டா, ஒருத்தரு சுகருன்னாங்க. ஒருத்தரு வெரதம்னாங்க. ஒருத்தரு இப்பதான் சாப்ட்டேன்னாங்க. அப்பறம் பாத்தா எதுத்த கடையில ஒக்காந்து சாப்புடுவாங்க. அதுக்கப்பறந்தான் அங்க இட்லியே போட ஆரம்பிச்சாங்க. ஒட்டிக்கிடும்னு பயம் சார். அம்மா ஒண்ணுமே சொல்லல, அழுவவும் இல்ல. இன்னிக்கித்தான் அழுவுது. கரண்டு சாரே குடிக்கலடி, கரண்டு சாரே குடிக்கலடிங்குது."

போன் நின்ற பிறகும் சிவநாதன் அதைக் காதிலேயே வைத்திருந்தார். சர்க்கரை. விரதம். இப்பதான். அவர் அருமையாகச் சேர்த்து வைத்திருந்த சரக்கு அத்தனையும் அந்தத் தெருவில் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த சரக்கு. பெரியநாயகி தட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். வேண்டாம் என்றார். இந்தத் தடவை அது பொய் இல்லை.

விடிந்ததும் நபீசா டீச்சர் வீட்டில் போய் நின்றார். டீச்சர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"வாசல்லயே சொல்லிருங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க டீச்சர்."

"ஏன் சொல்லல?"

"மனசு நோவுமேன்னு..."

"யாரு மனசு?"

சிவநாதன் தைல பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி நிறுத்தின மாதிரி இருந்தது.

"இப்ப போயி சட்டத்தச் சொல்லிர்றேன் டீச்சர்."

"முன்னாடி சொன்னா சட்டம். இப்ப சொன்னா சாக்கு."

"அப்ப அந்த வீட்டுலயே சாப்புட்டுட்டு வந்துர்றேன்."

"சாப்புட்டா ஒங்க அறிக்கை செல்லாது. நம்ம குழுவுல மிச்சமிருக்கற கைலாசநாதனும் மகளுக்குப் பிரசவம்னு பாரீசுக்குப் போயிட்டாரு. திங்கக்கெழம அந்தப் பொண்ணு அங்க இருக்கணும். வேற ஆளுக்கு எங்க போவேன்?"

"நீங்க இருக்கீங்களே டீச்சர்."

டீச்சர் தம் முட்டியைக் குனிந்து பார்த்தார். அது சம்மதம் சொன்னதாகத் தெரியவில்லை.

"யா அல்லா... மொதல்ல அந்தப் பொண்ணு வேணாங்கறத வேணும்னு ஆக்குங்க. அப்பறம் என் முட்டியப் பத்திப் பேசுவோம்."

கோட்டுச்சேரியில் கதவைத் திறந்தது ஓவியா.

"யாருடி?" என்று உள்ளேயிருந்து குரல்.

"கரண்டு சார்ம்மா."

"மீட்டரு வெளியதான இருக்கு. பாத்துட்டுப் போவச் சொல்லு."

சிவநாதன் வாசற்படியைத் தாண்டவில்லை. எத்தனையோ வருஷம் கேட்ட அதே குரலில், "தாயி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

உள்ளே நடமாட்டம் நின்றது. அஞ்சுகம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன.

"எதுத்த கடையில நல்ல தண்ணியா இருக்கும் சார். நேத்திக்கிப் பாத்தேனே, என்னமா ருசிச்சுக் குடிச்சீங்க."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சட்டத்தைச் சொன்னார். அம்பகரத்தூர் மிக்சரைச் சொன்னார். தான் பழகிய பொய்களைக்கூட வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அது இன்னொரு பொய் போலவே அவர் காதுக்கே கேட்டது.

"நோயாளி வீட்டுல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம். அதுக்கு ஒரு குழு" என்றாள் அஞ்சுகம். "நல்லாருக்குங்க. மத்தவங்க சும்மா பயந்தாங்க. நீங்கல்லாம் படிச்சவங்க, சட்டம் போட்டுப் பயந்துருக்கீங்க."

"சத்தியமாம்மா."

"இப்பதான் குடிச்சேன்னு நேத்திக்கிச் சொன்னதும் இதே வாயிதானே சார்?"

சிவநாதன் செருப்பைக் கழற்றினார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் வயிறு தன்னைப் பற்றி ஞாபகப்படுத்தியது.

"சரிம்மா. நம்ப வேணாம். பசிக்கிது. நேத்தி ராவுலேர்ந்து ஒண்ணும் எறங்கல. ஏதாவது இருந்தாக் குடுங்க. சாப்புட்டா நான் எழுதினது செல்லாது, டீச்சர் திட்டுவாங்க. திட்டட்டும்."

அஞ்சுகம் பிடித்திருந்த சுவரை விட்டாள். எதற்கு வேண்டுமானாலும் அவளிடம் பதில் இருந்தது. பசிக்கிறது என்கிற சொல்லுக்கு மட்டும் இட்லிக்கடைக்காரியிடம் எதிர்ப்பேச்சு கிடையாது. மகள் எழப் போனதை, "நீ ஒக்காருடி" என்று தடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மகளுக்காக வைத்திருந்த மாவுதான் கொஞ்சம் இருந்தது. அறுவை செய்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஒரு கையாலேயே தட்டில் மாவை ஊற்றினாள். மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. ஆவி பறக்கக் கொண்டுவந்து, தட்டைக் கையில் கொடுக்காமல் உள்ளே கிடந்த கடை பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். அவர் எழுந்து ஓடுவதற்கு வேண்டிய இடத்தை விட்டு நின்றாள்.

சிவநாதன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இட்லி பழைய இட்லிதான். தொட்டால் பிய்ந்தது, வாயில் கரைந்தது. அடுத்த விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தார்.

கடல் வந்தது. காரைக்கால் கடற்கரையில் அசந்து நிற்கும்போது ஒரு அலை மூஞ்சியில் அடித்து மூக்குக்குள் ஏறுமே, அந்தக் கடல். கண் கலங்கியது. பக்கத்தில் ஊற்றியிருந்த சாம்பாருக்கு மாறினார். அங்கேயும் அதே கடல்தான், கொஞ்சம் பருப்போடு. பல வீட்டுக் காப்பியைக் குடித்துப் பழகிய முகம் என்பதால் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் விழுங்கினார்.

"எப்புடி சார் இருக்கு?"

கேட்டவள் குரலில் கிண்டல் இல்லை. கடையில் கேட்பாளே, அப்படிக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஓவியா, கண்ணை விரித்துத் தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். சிவநாதனுக்குப் புரிந்தது. இந்தப் பெண் இதைத்தான் தினமும் தின்கிறாள். தின்றுவிட்டு நல்லாருக்கு என்கிறாள்.

நல்லாருக்கு என்ற சொல் அவருடைய நாக்கு நுனியில் தயாராகத்தான் நின்றது. சொன்னால் யாருக்கும் நோகாது. நேற்றும் யாருக்கும் நோகாது என்றுதான் சொன்னார்.

"உப்பு கரிக்கிதும்மா" என்றார். "இட்லி பூவாட்டம் இருக்கு. சட்னிய வாயில வெக்க முடியல."

தெருவில் ஒரு பஸ் போயிற்று. ஓவியா கண்ணை மூடிக்கொண்டாள்.

அஞ்சுகம் சட்னியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். மறுபடி நிறையத் தொட்டு வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே. ஓவியா, நல்லாருக்குன்னியேடி?"

ஓவியா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஊசி போட்டதுலேர்ந்து ஒனக்கு நாக்குல ருசி இல்லம்மா. கொஞ்ச நாள்ல திரும்பிரும்னு நர்சம்மா சொன்னாங்க. அதையும் ஒங்கிட்டச் சொன்னா நீ அடுப்புக்கிட்டயே போவ மாட்டேன்னுதான்..."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது ஊசியிலேர்ந்து."

"ரெண்டாவது ஊசியப்பக் கட தொறந்துருந்துச்சேடி."

ஓவியா நிமிர்ந்தாள். அந்தக் கணக்கை அவள் இதுவரை போட்டிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காலையில் கடை நடக்கிற நேரத்தில் அவள் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடுகிறவள். அவள் தின்றதெல்லாம் ராத்திரிச் சட்னி.

"அப்ப வந்தவங்கல்லாம்..." என்றாள் அஞ்சுகம். திறந்திருந்த கதவு வழியாக எதிர்க்கடையைப் பார்த்தாள். அங்கே இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றார் சிவநாதன். "சில பேரு நோய்க்கிப் பயந்துருப்பாங்க. சில பேரு உப்புக்குப் பயந்துருப்பாங்க. யாரு எதுக்குன்னு இனிமே எந்த மீட்டர வெச்சும் பாக்க முடியாது."

"அடப்பாவிங்களா." அஞ்சுகம் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். "உப்பு சாஸ்தி அஞ்சுகம்னு ஒரு வார்த்த. ஒரு ஆளு சொல்லிருந்தா அரைக் கரண்டி கொறச்சிருப்பேனே. ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சு நெனச்சு நான் பட்ட பாடு..."

தலையில் சுற்றியிருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்றங்காலில் முளை கண்ட மாதிரி தலை முழுக்கச் சன்னமாக முடி கிளம்பியிருந்தது. அவர் பார்க்கிறாரே என்று அவள் மறைக்கவில்லை.

"அந்தச் சட்டம் நெசந்தானா சார்?"

"நெசம்."

"மிக்சரும்?"

"நெசம். அதுல ரெண்டு கை நான் தின்னது."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயில வெக்க முடியலன்னு மூஞ்சிக்கி நேராச் சொன்னவரு பொய் சொல்ல மாட்டீங்க."

"நேத்திக்கிச் சொன்னேனேம்மா."

"அது நேத்தி."

"அப்ப இப்பவாவது தண்ணி குடுங்க தாயி. நெசமாவே வேணும். நாக்கு வெந்து கெடக்கு."

ஓவியா ஓடிப்போய் மொண்டு வந்தாள். அஞ்சுகம் சொம்பை மகளிடமிருந்து வாங்கித் தன் கையால் கொடுத்தாள். எழும்பாத கையும் சொம்பின் அடியில் வந்து தாங்கிக்கொண்டது. சிவநாதன் வாயருகே கொண்டுபோகும்போது, "சார்" என்றாள். "வாசல்ல போயி நின்னு குடிங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். தெருவைப் பார்த்து நின்று, அண்ணாந்து, சட்டையெல்லாம் நனைய நனையக் குடித்தார். எதிரே முத்தமிழ் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இட்லி தின்றுகொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். சிவநாதன் காலிச் சொம்பை உள்ளே நீட்டி, தெருவுக்கே கேட்கிற குரலில், "இன்னொண்ணு" என்றார்.

பிறகு டீச்சருக்குப் போன் செய்தார்.

"டீச்சர், சாப்புட்டுட்டேன்."

"வேணுங்குதா?"

சிவநாதன் அஞ்சுகத்தைப் பார்த்தார். அவள் கவிழ்த்து வைத்திருந்த கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வாரம், அதற்கப்புறம் என்ன என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத ஐந்து வாரம்.

"திங்கக்கெழம போறேன்னு சொல்லுங்க" என்றாள் கடைசியில். "எழுதுறதுக்கு அவங்களே வரட்டும். நான் அவங்களப் பாக்கணும்."

மாலையில் ஆட்டோ வந்தது. நபீசா டீச்சர் தவணை முறையில் இறங்கினார். முதலில் கைப்பை, அப்புறம் ஒரு கால், அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் மறு கால். அஞ்சுகம் சொம்போடு வாசலில் நின்றிருந்தாள்.

"இரும்மா" என்று டீச்சர் கையைக் காட்டினார். "ஒன் வீட்டுத் தண்ணி எனக்கு வேணும். எழுதி முடிக்கிற வரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு. அதப் போட்டவ நான். கோவம்னா என்னையத் திட்டு, இவர விட்டுரு."

"திட்டிட்டேன் டீச்சர்" என்றாள் அஞ்சுகம். "ஒங்களுக்குள்ளதையும் அவருக்கே போட்டுட்டேன்."

டீச்சர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார். சுவரில் சாய்ந்து நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நேரமும் அஞ்சுகம் சொம்பைக் கீழே வைக்கவில்லை. பேனாவை மூடுகிற சத்தம் கேட்டதும் நீட்டினாள்.

"ஆச்சு. இனிமே நான் விருந்தாளி" என்று டீச்சர் வாங்கிக் குடித்தார். "சட்னி இருக்காமே?"

"வேணாம்!" என்றார்கள் சிவநாதனும் ஓவியாவும் ஒரே குரலில்.

"இருக்கட்டும் டீச்சர். உப்ப இவ போடுவா, ஒக்காருங்க" என்றாள் அஞ்சுகம். உப்பு டப்பா அன்றிலிருந்து மகளின் கைக்கு மாறியது.

அவர்கள் கிளம்பும்போது அவள் சிவநாதனை மட்டும் கூப்பிட்டாள்.

"சார், ஒண்ணு சொல்றேன். இனிமே எந்த வீட்டுல தண்ணி குடிக்கலன்னாலும், எதுத்தாப்புல இருக்கற கடையில குடிக்காதீங்க. நாலு வீடு தள்ளிப் போயிக் குடிங்க."

திங்கட்கிழமை விடியற்காலையில் புதுச்சேரி பஸ் ஏற்றிவிட சிவநாதன் வந்திருந்தார். ஒரு பை, ஒரு பாய், ஒரு தலையணை, துணைக்கு ஓவியா. வீட்டுக்காரரின் பூட்டு அவரிடமே இருந்தது. கதவில் தொங்கியது அஞ்சுகத்தின் பூட்டு. சாவியைச் சிவநாதன் கையில் வைத்தாள்.

"கறிவேப்பிலைக்கி மட்டும் தண்ணி ஊத்திருங்க. வந்து சட்னிக்கி வேணும்."

வந்து என்று அவள் சொன்னதைச் சிவநாதனும் கேட்டார், ஓவியாவும் கேட்டாள். பஸ் தரங்கம்பாடிப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு அவர் அஞ்சுகத்தின் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முத்தமிழ், "டீ போடவா சார்?" என்று எதிரிலிருந்து கேட்டார்.

"வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சிவநாதன் பச்சைக் கதவைத் திறந்தார். சொம்பு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. குடத்தில் தண்ணீர் நிரப்பி மூடியிருந்தது. முதலில் மொண்டதைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினார். அடுத்ததை மொண்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்து நின்று குடித்தார்.